உணவுக்குள் மறைந்திருக்கும் பூச்சியும் விலங்கும்: லேபிள் சொல்வதும் விடுவதும்

கோதுமை மாவில் பூச்சித் துணுக்குகள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்க்க ஆய்வகங்களில் ஒரு பழைய முறை உண்டு. மாவை நீர்த்த அமிலத்தில் போட்டுச் சூடாக்குவார்கள். மாவுச்சத்து கரைந்துவிடும், பூச்சியின் மேல்தோல் கரையாது. பிறகு கனிம எண்ணெயை ஊற்றிக் கலக்கி ஓயவிட்டால், எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும் தன்மையுள்ள தோல் துணுக்குகள் அதோடு சேர்ந்து மேலே வந்து நிற்கும். அந்த எண்ணெயைக் கோடு போட்ட வடிதாளில் வடித்து, நுண்ணோக்கியில் வரிவரியாக எண்ணுவார்கள். இங்கே ஒரு கால், அங்கே ஒரு தாடை, இன்னொரு வரியில் இறக்கையின் ஓரம்.

இந்த எண்ணிக்கைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வரம்பு வைத்திருக்கிறது. 50 கிராம் மாவில் சராசரியாக 75 துணுக்கோ அதற்கு மேலோ இருந்தால் அந்தச் சரக்கின்மீது நடவடிக்கை எடுக்கலாம். சாக்லேட்டில் 100 கிராமுக்கு 60, நிலக்கடலை வெண்ணெயில் 100 கிராமுக்கு 30. பொடித்த மிளகில் 50 கிராமுக்கு 475. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவில் வெறும் 10 கிராமுக்கு 2,500 அசுவினிப் பூச்சிகளைத் தாண்டினால்தான் பிரச்சினை. டப்பாவில் அடைத்த தக்காளியில் 500 கிராமுக்கு 10 ஈ முட்டை என்று ஒரு கணக்கு இருக்கிறது. எலி முடிக்கும் கணக்கு உண்டு. சாக்லேட்டிலும் நிலக்கடலை வெண்ணெயிலும் அது 100 கிராமுக்கு 1.

இந்தப் பட்டியல் அடிக்கடி பரவுகிறது, பரவும்போது தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. 'ஒவ்வொரு சாக்லேட்டிலும் 60 பூச்சித் துண்டு இருக்கிறது' என்று எழுதிவிடுகிறார்கள். அவை சராசரி அளவுகள் அல்ல, நடவடிக்கை தொடங்கும் எல்லைகள். பெரும்பாலான சரக்குகளில் இருப்பது அதைவிட நன்றாகக் குறைவு. வரம்பு மீறிய சரக்கைச் சுத்தமான சரக்கோடு கலந்து சராசரியைக் குறைப்பதும் அங்கே சட்டவிரோதம்தான்.

சரி, ஏன் பூஜ்யம் என்று வைக்கவில்லை? தானிய வண்டின் வாழ்க்கையைப் பார்த்தால் காரணம் புரியும். பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் தானிய மணியில் துளை போடும். உள்ளே ஒரு முட்டை வைத்து, தன் உடலில் சுரக்கும் பசையால் துளையை மூடிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் அது நல்ல மணிதான். புழு உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, கடைசியில் வண்டாகத்தான் வெளியே வரும். அதற்கு முன்பே அந்த மணி ஆலைக்குப் போனால் புழுவும் சேர்ந்தே அரைபடும். ஆலைகளில் தானியத்தைச் சுழல்தட்டில் வைத்து வேகமாகச் சுவரில் மோதவைத்து, உள்ளே துளைபட்ட மணிகளை உடைத்துப் பிரிக்கும் இயந்திரங்கள் உண்டு. காற்றாலும் சல்லடையாலும் வடிக்கிறார்கள். அத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். முற்றிலும் பூச்சியில்லாத மாவு வேண்டுமென்றால் வயலிலும் கிடங்கிலும் இன்னும் நிறைய மருந்து அடிக்க வேண்டியிருக்கும். அரைபட்ட வண்டின் கால் நமக்கு ஒன்றும் செய்யாது, மருந்தைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு, அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. திறந்து வைத்த மாவில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் பெருகும். தூசிச் சிற்றுண்ணி ஒவ்வாமை உள்ளவர்கள் அந்த மாவில் செய்ததைச் சாப்பிட்டு, மூச்சுத்திணறி ஆபத்தான நிலைக்குப் போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சமைத்தாலும் ஒவ்வாமை தரும் புரதம் முழுமையாக அழிவதில்லை. ஆஸ்துமா, மூக்கடைப்பு உள்ள வீட்டில் மாவைக் காற்றுப் புகாத டப்பாவில், முடிந்தால் குளிர்பெட்டியில் வைப்பது நல்லது.

அத்திப்பழத்துக்குள் செத்த குளவி இருக்கிறது என்ற கதையும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஸ்மிர்னா வகை அத்தி காய்க்க ஒரு சின்னஞ்சிறு குளவி மகரந்தத்தோடு உள்ளே நுழைய வேண்டும். நுழையும் வழி குறுகல் என்பதால் இறக்கைகள் உதிர்ந்துவிடும், உள்ளே முட்டையிடவும் முடியாமல் அது அங்கேயே சாகும். பழத்தில் உள்ள ஃபிசின் என்ற நொதி குளவியின் மென்மையான பாகங்களைச் செரித்துவிடுகிறது. கடிக்கும்போது நறநறவென்று படுவது விதைகள், குளவி அல்ல. சந்தைக்கு வரும் அத்தி வகைகள் பலவும் மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் காய்ப்பவை, அவற்றில் குளவிக்கு வேலையே கிடையாது.

இவற்றைப் பார்த்து முகம் சுளிப்பவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கோபப்பட வேண்டிய இடம் இதுவல்ல என்பது என் உறுதியான எண்ணம். தானாக வந்து விழும் பூச்சியை எண்ணுவதற்கு நுண்ணோக்கியும் வரம்பும் வெளிப்படையான பட்டியலும் இருக்கின்றன. தெரிந்தே, விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கும் விலங்குப் பொருளைப் பற்றிச் சாப்பிடுகிறவரிடம் சொல்வதில் அந்த அக்கறையில் பாதிகூட இல்லை.

சிவப்பு நிறத்திலிருந்து தொடங்கலாம். ஸ்ட்ராபெர்ரி தயிர், இளஞ்சிவப்பு மிட்டாய், பழச்சாறு, பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றின் உட்பொருள் பட்டியலில் இ120 ('இ' என்பது உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்குத் தரும் எண் வரிசை) என்றோ, கார்மைன் என்றோ, கோச்சினீல் சாறு என்றோ இருந்தால் அது பூச்சியிலிருந்து வந்த நிறம். சப்பாத்திக்கள்ளியின் மடல்களில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் ஒரு செதில்பூச்சி அது. பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. பஞ்சு போன்ற வெள்ளை மெழுகைப் போர்த்திக்கொண்டு ஒரே இடத்தில் வாழும். அந்த வெள்ளையை விலக்கி நசுக்கினால் கருஞ்சிவப்பு பொங்கி வரும். எறும்பு போன்ற எதிரிகளை விரட்டப் பூச்சி தானே உருவாக்கிக்கொள்ளும் கார்மினிக் அமிலம் அது. உலர்ந்த பூச்சியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதுவே.

மூன்று மாதம் வளர்ந்ததும் பூச்சிகளை மடலிலிருந்து தூரிகையால் துடைத்தெடுத்து, வெந்நீரிலோ வெயிலிலோ சூட்டடுப்பிலோ கொன்று உலர்த்துவார்கள். ஒரு கிலோ உலர் சரக்குக்கு ஒன்றரை லட்சம் பூச்சிகள் வரை வேண்டும். அதைக் கொதிக்கவைத்துச் சாறு எடுத்து, அலுமினிய உப்போடு சேர்த்துப் படியவைத்தால் கார்மைன் கிடைக்கும். இன்று உலகத்துக்குத் தேவையானதில் பெரும்பங்கைத் தருவது பெரு நாடு. கேனரி தீவுகளிலும் வளர்க்கிறார்கள்.

ஸ்பானியர் வருவதற்கு முன்பே மெக்சிகோவின் ஒவாஹாகா பகுதி மக்கள் இதைத் தோட்டப்பயிர் போலப் பேணி வளர்த்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. மெக்சிகோவிலிருந்து போன சரக்குகளில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இந்தச் சிவப்புக்குத்தான். அது எங்கிருந்து வருகிறது என்பதை ஸ்பெயின் பொத்திப் பொத்தி வைத்ததால், அது விதையா, காயா, பூச்சியா என்று ஐரோப்பியர்கள் நெடுங்காலம் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். டச்சு ஆய்வாளர் லேவன்ஹுக் போன்றவர்கள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகே சந்தேகம் தீர்ந்தது. தின்பவருக்கும் உடுத்துபவருக்கும் மூலத்தைச் சொல்லாமல் விற்பது இந்தப் பொருளோடு கூடவே வந்த பழக்கம்.

1856இல் வில்லியம் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயத்தை உருவாக்கிய பிறகு கோச்சினீல் தொழில் சரிந்தது. அதை மீண்டும் தூக்கி நிறுத்தியது செயற்கை நிறங்களின் மேல் நமக்கு வந்த பயம்தான். 2007இல் பிரிட்டனில் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, சில செயற்கை நிறங்கள் அடங்கிய கலவையைக் குடித்த குழந்தைகளிடம் அளவுமீறிய துறுதுறுப்பு கூடுவதைக் காட்டியது. 2010 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆறு நிறங்களுக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. நிறுவனங்கள் இயற்கை நிறங்களைத் தேடி ஓடின. பீட்ரூட் சிவப்பு சூட்டில் மங்கும், கார்மைன் சூட்டிலும் வெளிச்சத்திலும் நிற்கும். 'இயற்கை நிறம் மட்டுமே' என்ற வாசகத்தைப் பார்த்து நிம்மதியாக வாங்குகிறவருக்குப் பூச்சி கிடைக்க வாய்ப்பு அதிகம், செயற்கை நிறம் சேர்த்ததை வாங்குகிறவருக்கு அது கிடையாது. இ124 என்ற செயற்கைச் சிவப்பின் இன்னொரு பெயர் 'கோச்சினீல் சிவப்பு ஏ'. அதில் பூச்சியே இல்லை. பெயரைப் பார்த்து ஒதுக்குகிறவர்கள் தவறான பொட்டலத்தை ஒதுக்குகிறார்கள்.

அமெரிக்காவில் இந்தப் பொருள் பல ஆண்டுகள் 'நிறம் சேர்க்கப்பட்டது' என்ற இரண்டு சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. கார்மைனில் எஞ்சும் பூச்சிப் புரதத்தால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வருவது தெரிந்து, 1998இல் ஒரு நுகர்வோர் அமைப்பு மனு கொடுத்தது. அந்த மனுவை ஒட்டி விதி வந்தது 2009இல், நடைமுறைக்கு வந்தது 2011 ஜனவரியில். கார்மைன், கோச்சினீல் சாறு என்ற பெயரை எழுத வேண்டும் என்றார்கள். பூச்சியிலிருந்து எடுத்தது என்றும் எழுத வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. அடுத்த ஆண்டே, 2012இல், ஸ்டார்பக்ஸின் ஸ்ட்ராபெர்ரி பானத்தில் கோச்சினீல் இருப்பது வெளியே தெரிந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நிறுவனம் தக்காளியிலிருந்து எடுக்கும் லைக்கோபீனுக்கு மாறிவிட்டது. குடித்தவர்களுக்கு மூலம் தெரிந்தவுடன் ஒரு பெரிய நிறுவனத்தால் சில மாதங்களில் மாற முடிந்தது என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

சிவப்பு பூச்சியென்றால் பளபளப்பும் பூச்சிதான். மிட்டாய், சூயிங்கம், சாக்லேட் பூசிய கொட்டைகள், மாத்திரைகள், சில நேரம் மெழுகு பூசிய ஆப்பிள் ஆகியவற்றின் மினுமினுப்பு இ904, அதாவது அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சி தன்னைச் சுற்றிக் கட்டும் பிசின் கூடு அது. கிளையோடு வெட்டிச் சுரண்டி எடுத்து, உருக்கி வடித்து, ஆல்கஹாலில் கரைத்துப் பூசுகிறார்கள். இந்தியாவும் தாய்லாந்தும் இதில் முன்னணி. லேபிளில் இது பெரும்பாலும் 'மெருகூட்டி' என்றுதான் வரும். அதே மெருகூட்டும் வேலையைச் செய்யும் இ901 தேன்மெழுகு, இ903 ஒரு வகைப் பனை இலையின் மெழுகு. எண்ணைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஜெலட்டின் பலருக்கும் தெரிந்த கதை: பன்றித் தோல், மாட்டுத் தோல், எலும்பு ஆகியவற்றில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தை அமிலத்திலோ சுண்ணாம்பிலோ ஊறவைத்து வெந்நீரில் இறக்கினால் கிடைப்பது. ஜெல்லி மிட்டாயிலும் மருந்து கேப்சூல் உறையிலும் அது இருப்பதை மக்கள் எதிர்பார்க்கிறார்கள். எதிர்பார்க்காத இடம் ஒன்று உண்டு. பீட்டா கரோட்டினும் சில வைட்டமின்களும் நீரில் கரையாதவை. பானத்தில் கலக்க வேண்டுமென்றால் அவற்றை நுண்ணிய மணிகளாக்கி ஏதாவது ஒன்றால் போர்த்த வேண்டும். அந்தப் போர்வை மீன் ஜெலட்டினாகவும் இருக்கலாம். மீன் ஒவ்வாமைக்காகப் பட்டியலிட்டே ஆக வேண்டிய பொருள். ஆனால் வைட்டமினையும் கரோட்டினையும் தாங்கிச் செல்லும் மீன் ஜெலட்டினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விலக்கு கொடுத்திருக்கிறது. அந்த அளவில் ஒவ்வாமை வராது என்பது அவர்கள் காரணம். அது சரியான காரணம்தான். ஆனால் மீன் சாப்பிடாதவர் பயப்படுவது ஒவ்வாமைக்கு அல்லவே.

இதைவிட ஆழமாக மறைந்திருப்பவை, தயாரிப்பில் பயன்படுத்திவிட்டு நீக்கப்படும் பொருள்கள். 'செயல்முறை உதவிப் பொருள்' என்று சட்டம் அவற்றுக்கு ஒரு வகை வைத்திருக்கிறது. முடிந்த உணவில் அவற்றுக்கு வேலை இல்லை என்பதால் உட்பொருள் பட்டியலில் இடமும் இல்லை. பீரில் மிதக்கும் ஈஸ்ட்டைச் சீக்கிரம் படியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த கொலாஜனைக் கலந்தார்கள். நேர்மின்னூட்டமுள்ள கொலாஜன் எதிர்மின்னூட்டமுள்ள ஈஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்காரும், பீர் தெளியும். கின்னஸ் நிறுவனம் இந்த மீன்பொருளைக் கைவிடப்போவதாக 2015இல் அறிவித்தபோதுதான், அதுவரை அது பயன்பட்டதே குடித்தவர்களில் பலருக்குத் தெரிந்தது. வைனைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருவும் பால் புரதமான கேசினும் பயன்படும். பெண்டோனைட் என்ற களிமண்ணும் அதே வேலையைச் செய்யும். 2012 முதல் ஐரோப்பாவில் முட்டை, பால் மிச்சம் உள்ள வைன் அதைச் சொல்ல வேண்டும். மீன்பொருளுக்கு இங்கேயும் விலக்கு.

வெள்ளைச் சர்க்கரையும் இந்த வகைதான். கரும்புச் சாற்றின் நிறத்தைப் போக்க, காற்றில்லாமல் எரித்த மாட்டெலும்புக் கரி நிரப்பிய பெரிய கலன்கள் வழியே பாகைச் செலுத்தும் முறை 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. சில சுத்திகரிப்பு ஆலைகளில் இன்றும் அது நடக்கிறது. கரி மீண்டும் மீண்டும் சூடேற்றிப் பயன்படும், சர்க்கரையில் எலும்பு எதுவும் வராது. பல ஆலைகள் தாவரக் கரிக்கும் அயனிப் பரிமாற்றப் பிசினுக்கும் மாறிவிட்டன. பீட் கிழங்குச் சர்க்கரைக்கு எலும்புக் கரி வேண்டியதே இல்லை. பழுப்புச் சர்க்கரை வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைப்பது சரியல்ல. பல இடங்களில் அது வெள்ளைச் சர்க்கரையில் கரும்புப்பாகைத் திரும்பச் சேர்த்ததுதான்.

பாலாடைக்கட்டியில் வரும் 'நொதி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நிறைய அடங்கியிருக்கிறது. பால் குடிக்கும் கன்றின் நான்காவது இரைப்பையில் சுரக்கும் கைமோசின், பாலின் கேசின் உருண்டைகளைப் பிரித்து வைத்திருக்கும் இழைகளை வெட்டிவிடும், பால் கட்டியாகும். அதை எடுக்கக் கன்றைக் கொன்றாக வேண்டும். பாலாடைக்கட்டிக்குத் தேவை கூடக்கூடக் கன்று இரைப்பை போதவில்லை. பூஞ்சையிலிருந்து எடுத்த நொதிகள் வந்தன. பிறகு கன்றின் மரபணுவை நுண்ணுயிருக்குள் வைத்து அதே கைமோசினை நொதிக்கவைக்கும் முறை வந்தது. 1990 மார்ச்சில் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் கொடுத்தது. அங்கே தயாராகும் பாலாடைக்கட்டியில் பெரும்பகுதிக்கு இப்போது கன்று தேவையில்லை. ஆனால் இத்தாலியின் பர்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பாலாடைக்கட்டிக்குக் கன்றின் நொதிதான் என்பது அதன் தயாரிப்பு விதியிலேயே இருக்கிறது. இரண்டு பொட்டலத்திலும் 'நொதி' என்றே எழுதியிருந்தால் வாங்குகிறவர் எப்படிப் பிரித்தறிவார்?

இன்னும் சில உண்டு. ரொட்டி மாவை இளக்கும் எல்-சிஸ்டீன் (இ920) வாத்து, கோழி இறகிலிருந்தும் எடுக்கப்பட்டது, மனித முடியிலிருந்தும் எடுக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் மனித முடியைத் தடைசெய்துவிட்டது, நொதித்தல் வழியாகவும் இப்போது கிடைக்கிறது. உணவில் செறிவூட்டும் வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவது. லைக்கன் என்ற பாசிக்காளானிலிருந்தும் அதைத் தயாரிக்கிறார்கள்.

பீவர் என்ற நீர்விலங்கின் வாலடிச் சுரப்பிதான் வெனிலா ஐஸ்கிரீமின் மணம் என்று ஒரு கதை ஓயாமல் சுற்றுகிறது. காஸ்டோரியம் என்ற அந்தப் பொருள் உண்மைதான். ஆனால் விலங்கைப் பிடித்துச் சுரப்பியை எடுத்தால்தான் கிடைக்கும், விலை அதிகம், இன்று உணவில் அதன் பயன்பாடு இல்லையென்றே சொல்லலாம். வெனிலின் மரக்கூழிலிருந்தும் பெட்ரோலியத்திலிருந்தும் மலிவாகக் கிடைக்கும்போது யாரும் பீவரைத் தேடிப் போவதில்லை. இந்த மாதிரிக் கதைகள் பரவுவதற்குக் காரணமே லேபிள் எதையும் சொல்லாததுதான். 'இயற்கை மணமூட்டி' என்று மட்டும் எழுதிவைத்தால் அந்த இடத்தை வதந்தி நிரப்பும்.

எனக்கு மிகவும் கவலை தருவது மூலம் இரண்டு பக்கமும் இருக்கக்கூடிய எண்கள். பிஸ்கட், ஐஸ்கிரீம், ரொட்டி எல்லாவற்றிலும் வரும், எண்ணெயையும் நீரையும் கலந்து நிற்கவைக்கும் இ471 பாமாயிலிலிருந்தும் வரலாம், மாட்டுக்கொழுப்பிலிருந்தும் பன்றிக்கொழுப்பிலிருந்தும் வரலாம். சுவைகூட்டியான இ631இன் அடிப்படையான இனோசினேட்டை 1913இல் ஜப்பானில் ஷிந்தாரோ கொடாமா உலர்ந்த மீனில் கண்டறிந்தார். இன்று அதை மாவுச்சத்தை நொதிக்கவைத்தும் செய்கிறார்கள், மீனிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் எடுக்கிறார்கள். எங்கிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றே என்பதால், கையில் உள்ள பொட்டலத்தைச் சோதித்து மூலத்தைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. தயாரிப்பவர் சொன்னால்தான் உண்டு. 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த இ631ஐ எடுத்துக்காட்டியே, ஒவ்வொரு உட்பொருளும் தாவரத்திலிருந்தா விலங்கிலிருந்தா என்பதைச் சொல்ல வேண்டும், எண்ணை மட்டும் எழுதினால் போதாது, அளவு எவ்வளவு குறைவு என்பது பொருட்டல்ல என்று உத்தரவிட்டது. எந்த நாட்டுக்கும் பொருந்தும் தீர்ப்பு அது என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் உண்ணவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கார்மைன் பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பானது, அரக்கு நூறாண்டுகளுக்கு மேலாகத் தின்பண்டத்தில் இருக்கிறது. ஆனால் ஒருவர் மதத்தாலோ, மனச்சாட்சியாலோ, ஒவ்வாமையாலோ வேண்டாம் என்று முடிவுசெய்தால் அந்த முடிவைச் செயல்படுத்த அவருக்கு வழி இருக்க வேண்டும். இப்போதைக்கு உள்ள வழி, தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்பது. 'இது சைவமா?' என்று கேட்டால் மழுப்பலான பதில் வரும். 'இந்தப் பொருளில் உள்ள இ471 எந்தக் கொழுப்பிலிருந்து? சர்க்கரையைத் தெளியவைத்தது எது? நொதியின் மூலம் என்ன?' என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். 'சட்டப்படி தயாரித்தது' என்பது இதற்குப் பதில் அல்ல. ஹலால், கோஷர் (யூதர்களின் உணவு நெறி), வீகன் (விலங்குப் பொருளே இல்லாத உணவு) சான்று வாங்கும் ஆலைகள் இந்தத் தகவலை ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் கோப்பில் வைத்திருக்கின்றன. சான்றளிப்பவர் கேட்டால் எடுத்துக் காட்டுகிறார்கள்.

மூலத்தை அச்சிட இடமில்லை, நடைமுறைக்கு ஒத்துவராது என்ற வாதத்தை ஏற்க முடியாது. லெசிதின் என்ற இ322 சோயாவிலிருந்தும் முட்டையிலிருந்தும் வரும். இரண்டும் ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பதால் பல நாடுகளில் மூலத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும், உலகம் முழுக்க நிறுவனங்கள் அதைக் குறிப்பிடுகின்றன. அதனால் ஒரே பிஸ்கட் உறையில் இ322க்குப் பக்கத்தில் 'சோயா' என்று இருக்கிறது, அடுத்ததாக வரும் இ471க்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.